அண்ணாச்சி பதில்கள்: தாய்ச்சி நம்ம ஊர் முழங்காலுக்கு ஒத்து வருமா?

போன இதழில் முதுகுவலி பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, வயதானவர்கள் தாய்ச்சி பழகினால் கீழே விழுவது குறையும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு புளியரையில் இருந்தும் ஆரியங்காவில் இருந்தும், அப்புறம் குலசேகரம், கம்பம், கொழிஞ்சாம்பாறை என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன, அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தாய்ச்சி சீனாவில் இருந்து வந்த பயிற்சி, நின்றபடியே மெதுவாகச் செய்வது. ஒரு அசைவு முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கிவிடும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், உடம்பின் எடை ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கும், கைகளும் அதோடு சேர்ந்து போகும். மூச்சு இயல்பாக விட வேண்டும். பொதுவாகக் கற்றுத் தருகிற முறைகளில் குதிப்பதும் இல்லை, தரையில் உட்கார்ந்து எழுவதும் இல்லை.

அண்ணாச்சி, எங்க அத்தைக்கு 72 வயசு. போன சாரல் சீசன்ல புறவாசல்ல ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டாங்க. நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அதுல இருந்து வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேங்கிறாங்க. என் கொழுந்தனார் மஸ்கட்ல இருந்து ஒரு தாய்ச்சி வீடியோ அனுப்பி, அம்மாவை இதைச் செய்யச் சொல்லுங்க மதினின்னு சொல்றார். பார்த்தா சும்மா கையை ஆட்டுற மாதிரிதான் இருக்கு. நிஜமாவே பிரயோஜனம் உண்டா?
வாசகி, புளியரை

உங்கள் கொழுந்தனார் சொன்னதில் விஷயம் இருக்கிறதும்மா. தாய்ச்சிக்கு என்னென்னவோ நன்மை என்று பட்டியல் போடுவார்கள், அதில் பாதிக்கு ஆதாரம் அரைகுறைதான். ஆனால் கீழே விழுவதைக் குறைக்கிறது என்பது மட்டும் நன்றாகச் சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருமே அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் விழுந்தவர்கள், இல்லையென்றால் நடை தடுமாறுகிறவர்கள், அதாவது உங்கள் அத்தையைப் போன்ற ஆட்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 24 வாரம். ஒரு குழுவுக்கு, விழாமல் இருப்பதற்கென்றே மாற்றியமைத்த தாய்ச்சி. இன்னொரு குழுவுக்கு வலு, நடை, சமநிலை எல்லாம் கலந்த உடற்பயிற்சி. மூன்றாவது குழு வெறுமனே கைகால்களை நீட்டி மடக்கியது. இந்த மூன்றாவது குழுவைவிட தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு, கலப்பு உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால்கூட 31 சதவீதம் குறைவு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடை போட்ட காக்ரேன் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் 2019ஆம் வருஷத்து அலசல் இவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்கிறது. எனக்கு அதுவே போதும். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறவர்களை நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு, அந்த ஐந்தில் ஒன்றின் விலை எனக்குத் தெரியும்.

சரி, கையை ஆட்டினால் எப்படி விழாமல் இருப்பார்கள்? கையில் ஒன்றும் இல்லை, காலைப் பாருங்கள். கனடாவில் முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், 2013இல் வந்தது. தடுக்கி விழுந்தவை சுமார் ஐந்தில் ஒன்றுதான். பத்தில் நான்கு, உடம்பின் எடையைத் தப்பாக மாற்றியதால் விழுந்தவை. திரும்பும்போது, குனியும்போது, உட்காரப் போகும்போது, எடை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குப் போகிற அந்த ஒரு நொடியில் ஆள் சரிந்துவிடுகிறார். தாய்ச்சி முழுக்க முழுக்க அந்த ஒரு நொடியை இழுத்து நீட்டிப் பழகுவதுதான். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் நடக்கிறவள், அடுத்த காலை வைத்து, பிடிமானம் பார்த்து, அப்புறம்தான் எடையைக் கொடுப்பாள் இல்லையா, இதில் ஒவ்வொரு அடியும் அப்படித்தான். மாசக்கணக்கில் அப்படியே பழகும்போது தொடையும் கணுக்காலும் வலுவாகும், உள்ளங்காலில் எடை எங்கே நிற்கிறது என்கிற உணர்வும் கூர்மையாகும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது அவர் விழுந்தது இல்லை, வெளியே வர மறுப்பது. பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்தால் கால் இளைக்கும், கால் இளைத்தால் இன்னும் சுலபமாக விழுவார், பயம் இன்னும் கூடும். தாய்ச்சி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயம் தணிவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வீடியோவைப் போட்டுவிட்டு அத்தையைத் தனியாக நிறுத்திவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் கனமான நாற்காலியோ சுவரோ இருக்கட்டும். அதற்கும் முன்னால் சில வேலைகள் உண்டு. கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று காட்டுங்கள். படுக்கையை விட்டு எழும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள், பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் நிறைய பேரைக் கீழே தள்ளும், டாக்டரிடம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் அந்தப் புறவாசல் பாசி. நம் பக்கம் ஜூனில் சாரல் பிடித்தால் சிமெண்டுத் தரை பச்சை பிடித்துத்தான் கிடக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டு வாரம் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள், குளியலறைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொள்ள ஒரு பைப்பைச் சுவரில் அடித்து வையுங்கள், ராத்திரிக்கு ஒரு பல்பு போடுங்கள். பாசியை அப்படியே விட்டுவிட்டு தாய்ச்சி மட்டும் பழகினால் அந்த 58 சதவீதமெல்லாம் நம்மிடம் எடுபடாது.

இது சீனாக்காரனோட சண்டைக்கலைதானே சார்? நம்மகிட்ட யோகா இருக்கும்போது இதை எதுக்குத் தேடிப் போகணும்?
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், செங்கோட்டை

சண்டைக்கலையேதான் சார், சந்தேகமே வேண்டாம். ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்துச் சென் குடும்பத்துக் கிராமம்தான் இதற்கு ஊர், 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால் போகிறார்கள். ரொம்ப காலம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்ததை, 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் கற்றுக்கொண்டு பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவர் வழியில் வந்த யாங் பாணிதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பூங்காக்களில் நீங்கள் பார்ப்பது. சென், இரண்டு விதமான வூ, சுன் என்று வேறு பாணிகளும் உண்டு. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவுகளாக்கி, சாதாரண மக்கள் ஐந்தாறு நிமிஷத்தில் செய்து முடிக்கிற மாதிரி ஆக்கியது. 1956 என்றதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும், அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டையும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன். 2020இல் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. யோகா அந்தப் பட்டியலில் 2016லேயே ஏறிவிட்டது, ஆக நாம் நாலு வருஷம் முந்திக்கொண்டோம், அந்த மட்டில் மனசு ஆறிக்கொள்ளுங்கள்.

யோகா செய்கிறவர் என்றால் தாராளமாக அதையே தொடருங்கள், விட்டுவிட்டு இதற்கு மாறச் சொல்லவே மாட்டேன். ஆனால் நம் ஊரில் யோகா என்ற பேரில் நடப்பதில் பெரும்பங்கு பாயில் உட்கார்ந்தும் படுத்தும் செய்வது. 65 வயதில் முழங்கால் தேய்ந்தவருக்கு முதல் சிக்கலே பாயில் இருந்து எழுவதுதான். தாய்ச்சியில் கடைசி வரை நின்றுகொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கலாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே செய்யலாம். வளைவதற்கு யோகா, சாயாமல் நடப்பதற்கு தாய்ச்சி என்று நான் பிரித்துக்கொள்கிறேன், இது என் கணக்கு, யோகா ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம். நின்று செய்கிற விருட்சாசனம், வீரபத்ராசனம் எல்லாம் ஒழுங்காகப் பழகுகிறவருக்குச் சமநிலையும் கூடவே வந்துவிடும்.

நான் பால் வெட்டுக்குப் போறவன் அண்ணாச்சி. வயசு 54. ரெண்டு முட்டும் தேய்ஞ்சு போச்சுன்னு எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிட்டாங்க. முட்டை மடக்கி நிக்கிற இந்தப் பயிற்சி இன்னும் மோசமாக்காதா?
ரப்பர் தொழிலாளி, குலசேகரம் பக்கம்

நல்ல கேள்வி, இதைக் கேட்காமலே ஆரம்பித்து முட்டு வலியோடு வருகிறவர்கள் உண்டு. தேய்மானம் இருக்கிற முழங்காலுக்கு தாய்ச்சி நல்லது, ஆனால் செய்கிற விதத்தில் செய்தால். பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தாய்ச்சி, மறுபாதிக்கு பிசியோதெரபி என்று 12 வாரம் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது. வலி குறைந்ததிலும் நடமாட்டத்திலும் இரண்டும் சமம். மனச்சோர்வு குறைந்ததில் தாய்ச்சி ஒரு படி மேலே. என் தொழிலுக்கே போட்டி என்றாலும் சொல்லத்தானே வேண்டும். காரணம் பெரிய ரகசியம் இல்லை, தொடையின் முன்பக்கத் தசை வலுவானால் மூட்டின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்திருந்தால் முதலில் இளைப்பதும் அந்தத் தசைதான்.

இப்போது செய்கிற விதம். படங்களில் சீனத்து வாத்தியார்கள் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து நிற்பார்கள், உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போது முட்டு எவ்வளவு தளர்ந்திருக்குமோ அவ்வளவு மடங்கினால் போதும். முட்டு எப்போதும் கால் பெருவிரலும் இரண்டாவது விரலும் பார்க்கிற திசையையே பார்க்க வேண்டும், உள்ளே சாயக்கூடாது, விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது. மிக முக்கியமானது, எடை ஒரு காலில் இருக்கும்போது அந்தப் பாதத்தைத் தரையில் வைத்துத் திருகாதீர்கள். எடையை மறுகாலுக்குக் கொடுத்துவிட்டு, காலியான காலைக் குதிகாலில் ஊன்றித் திருப்புங்கள். தாய்ச்சி செய்து முட்டு கெட்டது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்தத் திருகலும் தாழ்ந்த நிலையும்தான் காரணமாக இருக்கும். செய்து முடித்தபின் லேசான வலி இருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கினால் பயம் இல்லை, மறுநாள் காலையில் ரப்பர் விளைக்குப் போகும்போதும் வலித்தால் பாதியாகக் குறையுங்கள். முட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கினது நிமிராமல் பூட்டிக்கொண்டாலோ, தாய்ச்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் வேலையையும் மறக்க முடியாது. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, தாழ்ந்த வெட்டுக்குக் குத்தவைத்து எழுந்து, அப்புறம் பால் நிறைந்த வாளியோடு இறங்குகிறீர்கள். வாளியை முக்கால் அளவோடு நிறுத்தி ஒரு நடை கூடப் போனால் இறக்கத்தில் முட்டு உங்களுக்கு நன்றி சொல்லும். பயிற்சியை வெட்டு முடிந்து வந்த உடனே வைக்காதீர்கள், களைத்த காலில் எதுவும் ஏறாது, மாலையில் வையுங்கள்.

எனக்கு பிரஷர் 134/86 வரை இருக்கு, மாத்திரை இன்னும் தொடங்கலை. என் கணவர் ரெண்டு வருஷமா மாத்திரை எடுக்கிறார். நாங்க ரெண்டு பேரும் தாய்ச்சி பழகினா மாத்திரையில் இருந்து தப்பிக்கலாமா?
பள்ளி ஆசிரியை, ஆரியங்காவு

உங்களுக்கு ஒரு பதில், உங்கள் கணவருக்கு வேறு பதில். பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது, அதில் இருந்த 342 பேரும் கிட்டத்தட்ட உங்கள் நிலை, பிரஷர் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள். பாதிப் பேர் தாய்ச்சி, மீதிப் பேர் வேக நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்குகிற பயிற்சி, வாரம் நாலு நாள் ஒரு மணி நேரம் வீதம் ஒரு வருஷம். மேல் பிரஷர் தாய்ச்சிக்காரர்களுக்குச் சராசரியாக 7 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு சுமார் 4.6. நடையைவிட தாய்ச்சி உசத்தி என்று இதை வைத்துச் சத்தியம் பண்ண வேண்டாம், வித்தியாசம் சின்னது. ஆனால் 134இல் இருக்கிறவருக்கு 7 புள்ளி பெரிய காரியம். வாரம் நாலு மணி நேரம் என்பதையும் கவனியுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது நிமிஷம் செய்துவிட்டு மெஷினைக் கட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உப்பு, ஊறுகாய், கருவாடு, பப்படம் இதிலும் கை வைத்தாக வேண்டும்.

உங்கள் கணவர் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. பழகட்டும், வீட்டில் அளந்து எழுதி வைக்கட்டும், மூன்று நாலு மாசம் கழித்து அந்த நோட்டோடு டாக்டரிடம் போகட்டும். குறைப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

அப்பாவுக்கு பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து மூணு வருஷம் ஆகுது. திரும்பும்போது கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுறார். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாமா?
வாசகர், கம்பம்

கொடுக்கலாம், தயங்க வேண்டாம். இதற்கும் ஓரிகனிலேயே ஓர் ஆய்வு, 2012. லேசானது முதல் மிதமானது வரை பார்க்கின்சன் உள்ள 195 பேருக்கு வாரம் இரண்டு நாள், 24 வாரம். தாய்ச்சி பழகியவர்கள், எடை தூக்கிப் பழகியவர்களையும் வெறும் நீட்டல் செய்தவர்களையும்விட நிலையாக நின்றார்கள், எந்தப் பக்கமும் சாய்ந்து எட்டிப் பிடிப்பதில் முன்னேறினார்கள். நீட்டல் செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். பயிற்சி முடிந்து மூன்று மாசம் கழித்தும் அந்தப் பலன் இருந்தது. நோயை இது குணப்படுத்தாது, மாத்திரையின் இடத்தையும் பிடிக்காது, அதை அப்பாவுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கை நடுக்கம் நிற்கவில்லையே என்று ரெண்டே வாரத்தில் விட்டுவிடுவார்.

நேரம் பார்த்து வையுங்கள். மாத்திரை போட்டு அது வேலை செய்து உடம்பு இலகுவாக இருக்கிற நேரம் ஒன்று அவருக்கு இருக்கும், அப்போது செய்தால் போதும். ஆரம்பத்தில் நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில் ஒரு எட்டு பின்னால் நில்லுங்கள், முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கால் ஒட்டிக்கொள்ளும்போது "நடங்கப்பா, நடங்கப்பா" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். நிற்கச் சொல்லுங்கள், எடையை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாக மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் காலியாக இருக்கிற காலை எடுத்து வைக்கட்டும். தாய்ச்சியில் பழகுகிற அதே எடை மாற்றம்தான், வீட்டு வாசற்படியிலும் கைகொடுக்கும். திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து அரைவட்டம் போட்டுத் திரும்பப் பழக்குங்கள்.

உடம்பு குறையுமா?
கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

குறையாதும்மா. சாதாரண நடைக்குச் செலவாகிற அளவுதான் இதற்கும் செலவாகும். எடை குறைய வேண்டும் என்றால் சாப்பாட்டைப் பாருங்கள், வேகமாக நடங்கள், நீந்துங்கள், பாட்மிண்டன் ஆடுங்கள். உங்கள் வயதில் தாய்ச்சியைப் பரீட்சைப் பதற்றத்துக்காக வேண்டுமானால் பழகுங்கள்.

'சி' சக்தி உடம்புக்குள்ள ஓடி சர்க்கரை, தைராய்டு, கேன்சர் எல்லாத்தையும் சரி பண்ணும்னு வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழு நாள் முகாமாம், கட்டணம் கொஞ்சம் அதிகம். போகலாமா?
வாசகர், தென்காசி

பணத்தைப் பத்திரமாக வையுங்கள் அண்ணாச்சி. சீன மருத்துவ மரபில் 'சி' என்கிற கருத்து இருக்கிறது, நம் மரபில் பிராணன், வாசி என்று சொல்கிற மாதிரி. அந்த மரபில் நம்பிக்கையோடு பழகுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கட்டி கரையும், தைராய்டு ஓடிப்போகும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர் ஆசிரியர் இல்லை, வியாபாரி. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் களைப்பும் தூக்கமின்மையும் குறைய தாய்ச்சி உதவுகிறது என்று சில ஆய்வுகள் உண்டு. அது ஆஸ்பத்திரி வைத்தியத்தோடு சேர்த்துச் செய்தபோது. வைத்தியத்தை விட்டுவிட்டு வா என்று சொல்கிற முகாம் ஆளைக் கொன்றுவிடும், இதை இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சர்க்கரைக்கு சாப்பாடு, நடை, மாத்திரை என்ற வரிசைக்குப் பின்னால் தாய்ச்சி ஒரு துணைக்கு வரலாம். சர்க்கரையால் உள்ளங்கால் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் செய்யக்கூடாது, முள் குத்தினால் தெரியாது. அடிப்பாகம் தட்டையான, மெல்லிய ஷூ போதும். அப்புறம், ஏழு நாளில் தாய்ச்சி வராது. நான் மேலே சொன்ன ஆய்வுகளைப் பாருங்கள், எதுவுமே மூன்று மாசத்துக்குக் குறைவில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்லை. வயசு 61. இது உதவுமா?
வாசகி, புனலூர்

உதவலாம், ஆனால் மெதுவாக. ஹாங்காங்கில் 50 வயதைத் தாண்டிய, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 200 பேரிடம் பார்த்தார்கள், 2025இல் வெளிவந்தது. தூக்கத்துக்கென்றே இருக்கிற மனநலப் பயிற்சி முறையோடு தாய்ச்சியை ஒப்பிட்டார்கள். மூன்றாம் மாசத்தில் தாய்ச்சி பின்தங்கித்தான் இருந்தது. பதினைந்தாம் மாசத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. உங்கள் ஊரில் அந்த மனநலப் பயிற்சி கொடுக்கிறவர் கிடைத்தால் முதலில் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால் சாயங்காலம் அரை மணி நேரம் தாய்ச்சி, மதியத் தூக்கம் கிடையாது, நாலு மணிக்கு மேல் கட்டன் சாயா கிடையாது. கடைசியில் சொன்னதுதான் உங்கள் பக்கம் கஷ்டம் என்று தெரியும்.

எங்க ஊர்ல வாத்தியார் யாரும் இல்லை. வீட்டிலேயே எப்படித் தொடங்குறது?
இதே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் மேக்கரை, அச்சன்கோவில், தேவிகுளம் மாதிரி மலையோர ஊர்க்காரர்கள்

24 அசைவையும் வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ண முயலாதீர்கள், கை எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே காலைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். முதல் ஒன்றரை மாசத்துக்கு மூன்றே விஷயம் போதும், முன்னால் ஒரு கனமான நாற்காலியை முதுகுப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்பது. பாதங்கள் தோள் அகலத்துக்கு, இரண்டும் இணையாக, முட்டைத் தளர்த்தி, முதுகை விறைக்காமல். மெதுவாக எடை முழுவதையும் இடது காலுக்குக் கொண்டுபோங்கள், வலது குதிகாலைச் சிரமமில்லாமல் தூக்க முடிந்தால் எடை முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூச்சு அப்படியே இருந்து, திரும்ப வலப்பக்கம். இடுப்பை வெளியே தள்ளாமல், தலை மேலும் கீழும் ஏறி இறங்காமல் செய்ய வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஐந்து நிமிஷத்தில் தொடை நடுங்கும்.

அப்புறம் நடை. எடை முழுவதும் இடது காலில் இருக்கும்போது வலது காலை முன்னால் நீட்டி, குதிகால் மட்டும் தரையைத் தொடட்டும். இந்த நிமிஷத்தில் வலது காலைத் திரும்ப எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். எடுக்க முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள், முடியாமல் அதன் மேலேயே விழுகிறீர்கள் என்றால் எடுத்து வைத்த எட்டு அதிக நீளம், குறைத்துக்கொள்ளுங்கள். இனி பாதத்தைப் படிய வைத்து எடையைக் கொடுங்கள். வராந்தா நீளத்துக்கு இப்படி நாலு தடவை போய் வந்தால் ஒரு நாளுக்குப் போதும்.

மூன்றாவது, மேகக் கை என்று சொல்கிற அசைவு. எடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக் கை முகத்துக்கு நேராக, உள்ளங்கை நம்மைப் பார்க்கிறபடி குறுக்கே போகும், மற்றக் கை தொப்புள் உயரத்தில் கீழே வரும், இடுப்பு மெதுவாகத் திரும்பும், பார்வை மேல் கையோடு போகும். இது பழகிய பிறகு பக்கவாட்டில் எட்டு வைத்துக்கொண்டு செய்யலாம். கண்ணும் தலையும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் தலைசுற்றல் உள்ளவர்கள் இதைக் கடைசியாக, நாற்காலியைத் தொட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், மூன்று மாசம் தாண்டும்வரை பலன் கேட்காதீர்கள். இதற்குள் ஆசிரியர் தேடுங்கள். பக்கத்து டவுனில் ஊஷூ என்கிற சீனத் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுக்கிறவர் இருந்தால் விசாரியுங்கள், ஊஷூ போட்டிகளிலேயே தாய்ச்சி ஒரு பிரிவு, அதனால் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் நாள் உங்கள் நோய் என்ன, என்ன மாத்திரை என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் தாழ்ந்து நிற்கச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எங்க தாத்தா அடிமுறை ஆசான். களரி மண்ணில் பிறந்துட்டு இதை ஏன் பழகணும்?
இளைஞர், களியக்காவிளை

நீங்கள் பழக வேண்டாம் தம்பி, நம் பக்கத்துச் சண்டைக்கலையான அடிமுறையையே பிடித்துக்கொள்ளுங்கள், அது கையை விட்டுப் போனால் திரும்ப வராது. இளம் உடம்புக்கு அந்தத் தாழ்ந்த சுவடும், அதாவது கால் வைத்து நிற்கிற முறையும், வேகமும்தான் வேண்டும். தாத்தாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்த சுவடுகளில் நாலைந்தை எடுத்து, நிமிர்ந்த நிலையில், பாதி வேகத்துக்கும் குறைவாக ஊரில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லித் தர முடியுமா என்று. எடையை அறிந்து கால் மாற்றுவது ஆசான்களுக்குத் தெரியாததா என்ன. சீனர்கள் 1956இல் செய்ததும் அதைத்தான்.

மொட்டை மாடியில் நைட்டியோடு செய்யலாமா?
இல்லத்தரசி, கூடலூர்

கணுக்காலுக்குக் கீழே தொங்குகிற எதுவும் வேண்டாம், நைட்டி விளிம்பை மிதித்துவிட்டுப் படியிலேயே விழுகிறவர்கள் உண்டு. சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், சேலை என்றால் ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள். மாடியில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருக்க வேண்டும், தரை நனைந்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கீழே வாசலில் செய்யுங்கள்.